பெற்றிசியா சொன்ன ரத்தப் படம்

மாந்தைக்கு வடக்கே கடலை ஒட்டிக் கிடக்கிற அந்த ஊருக்குச் சனம் திரும்பி வந்தபோது கரண்ட் இல்லை. குடிதண்ணீர் பவுசர் லொறியில் வந்தது. வீடென்று சொல்லிக்கொள்ள ஆளுக்குக் கொஞ்சம் தகரமும் ஒரு தறப்பாளும் கொடுத்திருந்தார்கள். கோயில் கூரை பறந்துபோய்விட்டதால் பாதர் வெறும் வானத்துக்குக் கீழேதான் பூசை வைத்தார். அப்படிப்பட்ட ஊரில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரமானால் ஒரு முற்றத்தில் மட்டும் சனம் முண்டியடிக்கும். பெற்றிசியா வீட்டில் படம்.

பெற்றிசியா குவைத்துக்குப் போய் வந்தவள். கடலுக்குப் போன புருஷன் திரும்பி வராமல் போனபிறகு, மகள் கிருஷிகாவைப் பள்ளிமுனையில் தன் தமக்கையிடம் விட்டுவிட்டு வீட்டுவேலைக்குப் பிளேன் ஏறினாள். ஊர் முழுக்க வன்னிக்குள் அலைந்து பதுங்குகுழிக்குள் கிடந்த சண்டைக் காலத்தில் அவள் அங்கே யாரோ ஒரு அரபிக்காரியின் கம்பளத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். சனம் ஊருக்கு வரத் தொடங்கியதும் அவளும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கூடவே ஒரு டீவி, ஒரு டெக், அந்த வீட்டுப் பெட்டைப்பிள்ளை பார்த்துக் கழித்துவிட்ட படத் தட்டுகள் ஒரு பை. ஜெனறேற்றரை மட்டும் மன்னார் பஜாரில் வாங்கினாள்.

எல்லாம் இங்கிலீசுப் படம். ஊரில் ஒருவருக்கும் ஒரு சொல் விளங்காது. விளங்கினாலும் ஜெனறேற்றர் போடுகிற சத்தத்தில் கேட்காது. ஆகையால் பெற்றிசியா டீவியின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, பக்கத்தில் நின்று, கையில் ஒரு ஈர்க்கை வைத்துக் காட்டிக் காட்டிக் கதையைத் தானே சொல்லுவாள். வெள்ளைக்காரப் பெயர்கள் வாயில் நிற்காது என்று எல்லாருக்கும் புதுப் பெயர் வைப்பாள். ஒருமுறை ஒரு கள்ளனுக்குச் சந்தியா என்று பெயர் வைத்து, ஊரிலிருந்த நிசச் சந்தியா என்கிற மனுசன் அவளோடு கனகாலம் கதையாமல் விட்டான். அதற்குப் பிறகு கள்ளர்மாருக்கெல்லாம் வெறும் "உவன்"தான்.

பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. பாதிக் கதை கண்ணால் பார்த்ததும் ஊகித்ததும்தான். ஆனால் அந்த ரத்தப் படத்தை மட்டும் அவள் சரியாகவே சொன்னாள். குவைத் வீட்டின் மூத்த பெட்டை அந்தப் படத்தைப் பார்த்து அழுது, வேலைக்காரி என்றும் பாராமல் பக்கத்தில் இருத்தி அரபியில் முழுக்க விளங்கப்படுத்தியிருந்தாள்.

"இஞ்ச பாருங்கோ, இதொரு வருங்காலத்துப் பட்டணம்," என்று தொடங்கினாள் பெற்றிசியா. "இதில படலைக்குப் படலை ஒரு மிசின் பூட்டி வைச்சிருக்கிறாங்கள். விரலை உள்ள விடோணும். நறுக்கெண்டு ஒரு குத்து. ரத்தம் நல்ல ரத்தமெண்டா பச்சை லைற். போகலாம். பிறப்பிலயே ரத்தத்தில ஏதும் பிழையிருந்தா சிவப்பு. திரும்பிப் போ. பள்ளிக்கூடமும் இல்லை, நல்ல வேலையும் இல்லை, பச்சைக்காரரைக் கலியாணம் கட்டவும் ஏலாது."

"முந்தியும் ஒரு பட்டணத்துக்குப் போக, பாஸில இதைவிடக் கூட முத்திரை குத்தினவங்கள்," என்றான் பின்னாலிருந்து ஒரு கிழவன். சனம் சிரித்தது.

சிவப்பு லைற் எரிந்த பெண்ணுக்கு லூசியா என்று பெயர் வைத்தாள். லூசியா விரும்புகிறவன் பச்சை. அவனுக்கு வேலையே பாலத்துப் படலையில் அந்த மிசினைப் பார்ப்பதுதான். லூசியாவுக்கு ஒரு தம்பி. வெளிறின முகம், குச்சிக் கைகால். ஒருநாள் அந்தப் பொடியன் மூச்சுவிட மாட்டாமல் கிடக்க, லூசியா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் படலைக்கு ஓடுகிறாள். அவன் விரலைக் குத்துகிறார்கள். சிவப்பு. படலை திறக்கவில்லை. படலையடியிலேயே பொடியன் செத்துப்போகிறான்.

முற்றத்தில் பெண்டுகள் மூக்கைச் சீறினார்கள். பிரகாசிதான் எல்லாரையும் விடக் கூடுதலாய் அழுதாள். அழுதவள் அரைவாசியில் எழும்பி, பாயையும் எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள். பிரகாசி வேறு ஆள் இல்லை. கிருஷிகாவுக்குப் பேசியிருந்த மில்ரனின் தாய். சம்பந்தி இளகின மனசுக்காரி என்று பெற்றிசியாவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம்கூட வந்தது.

கடைசியில் அந்தப் பட்டணத்தில் கரண்ட் நின்றுபோகிறது. மிசின் ஒன்றும் வேலை செய்யவில்லை. பச்சையும் சிவப்பும் ஒன்றாய்க் கலந்து பாலத்தைக் கடக்கின்றன, யார் எதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"அப்ப எங்கட ஊரில எல்லாரும் பச்சைதான்!" என்று கத்தினான் வலைக்கார ரெட்ணம். "கரண்ட் தாறம் எண்டு கவுண்மேந்துக் கந்தோரால வந்தாங்களெண்டா கல்லால எறியுங்கோ!"

படம் பாலத்திலேயே முடிந்துபோனது. பெற்றிசியாவுக்கு அது காணாது. கறுத்துப்போன டீவியைக் காட்டி, "பிறகு பாதர் வந்து ரெண்டு பேரையும் கட்டி வைச்சார்," என்று சொல்லி முடித்தாள். சனம் கைதட்டியது.

படம் முடிந்தாலும் ஊரில் அது முடியவில்லை. சின்னப் பிள்ளைகள் ஈர்க்கால் விரலைக் குத்தி, "நீ சிவப்பு, அங்கால போ" என்று விளையாடின. நண்டு எடுக்க வருகிற வியாபாரி ஊனமான நண்டைக் கழித்துப் போட்டால், "பாவம், சிவப்பு" என்றார்கள் பெண்டுகள். பெற்றிசியா சிரித்தாள். தன் வாயால் வந்த சொல் ஊரில் நடமாடுவது யாருக்குத்தான் பிடிக்காது?

அந்தச் சிரிப்போடு இருக்கையில்தான் சுகாதாரப் பகுதியார் ரத்தம் எடுக்க வந்தார்கள். தலசீமியா என்று ஒரு ரத்த வருத்தம், கலியாணம் கட்டாத இளம் ஆட்கள் எல்லாரும் ஒருக்கால் சோதித்துப் பார்த்தால் நல்லது என்று பாதர் பூசையில் அறிவித்திருந்தார். வெள்ளை உடுப்புக்காரர் வந்து மேசை போட்டு ஊசியை எடுத்ததும் ஊர் கலைந்தது. "மிசினோட வந்திட்டாங்கள்" என்று பொடியன்மார் பட்டப்பகலில் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார்கள். வந்த தாதி மிஸ்ஸிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன் இவ்வளவு பயப்பிடுகினம்?" என்று பாதரிடம் கேட்டாள். பாதருக்குக் காரணம் தெரியும். பெற்றிசியாவை ஒரு பார்வை பார்த்தார்.

அந்தப் பார்வை பொறுக்காமலோ என்னவோ, முன்பள்ளியில் படிப்பிக்கிற கிருஷிகா முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டினாள். அவளைப் பார்த்து இன்னும் சில பெட்டைகள் போனார்கள். ஆண்பிள்ளை ஒன்றுகூடப் போகவில்லை.

பிறகு ஒருநாள் மிஸ்ஸி திரும்பி வந்து கிருஷிகாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, வராது. ஆனால் அவளுடைய ரத்தத்தில் அந்த வருத்தத்தின் பாதி இருக்கிறது. கட்டப்போகிறவனிடமும் அப்படிப் பாதி இருந்தால் மட்டும்தான் பிறக்கிற பிள்ளைக்கு ஆபத்து. ஆகையால் மாப்பிள்ளையையும் ஒருக்கால் ரத்தம் கொடுக்கச் சொல்லு.

கிருஷிகா ஒளிக்கத் தெரியாத பிள்ளை. மில்ரனிடம் சொன்னாள். மில்ரன் தாயிடம் சொன்னான். எப்படிப் போனதோ, பவுசர் தண்ணீர் நிரப்புகிற தாங்கியின் பைப்படிக்கும் போய்விட்டது. பின்னேரத்துக்குள் ஊர் முழுக்க ஒரே கதை: பெற்றிசியாவின் மகள் சிவப்பு.

கலியாணத்துக்கு முதல் அறிவித்தல் அதற்கு முந்தின ஞாயிறுதான் கோயிலில் வாசித்திருந்தார்கள். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இந்த விவாகத்துக்குத் தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும், சொல்லாமல் விடுவது பாவம். அடுத்த ஞாயிறு பெற்றிசியா புதுச் சேலை உடுத்துக்கொண்டு போய் முன்னால் இருந்தாள். பாதர் வேறு ஒரு சோடியின் பெயரை வாசித்துவிட்டுக் கடதாசியை மடித்தார்.

பூசை முடிய அவரை மறித்தாள்.

"பிரகாசி வந்து தடை இருக்கெண்டு சொன்னவ," என்றார் பாதர். "ரத்தத்தில பிழையாம். அது திருச்சபைச் சட்டத்தில தடை இல்லை எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். இல்லை பாதர், தெரிஞ்சும் சொல்லாட்டிப் பாவமெல்லோ எண்டு நிக்கிறா. கொஞ்சம் பொறு பிள்ளை. கோவத்தில ஒண்டும் கதையாத."

பெற்றிசியாவா பொறுப்பாள்? அந்தச் சேலையோடேயே நேராகப் பிரகாசியின் கொட்டிலுக்குப் போனாள். பிரகாசி வாசலில் குந்தியிருந்து நண்டு வலையில் சிக்கின பாசியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, படம் பாக்கேக்க அந்த அழுகை அழுதனீங்கள். லூசியாவுக்காக வந்த கண்ணீர் என்ர பிள்ளைக்கு வரேல்லையோ?"

பிரகாசி தலை நிமிரவில்லை. "படம் படம்தானே."

"அப்ப என்ர மகள் உங்களுக்குக் கழிச்ச நண்டோ?"

"நான் அப்பிடிச் சொன்னனானே? ஊரெல்லாம் சிவப்பு சிவப்பெண்டு சொல்லக் குடுத்தது ஆர்? நீ. உன்ர வாய்."

அது பெற்றிசியாவுக்குச் சுட்டது. சுட்டதால் இன்னும் சத்தமாய்க் கத்தினாள். "என்ர வாய் கிடக்கட்டும். மிஸ்ஸி என்ன சொன்னவ? உங்கட மகன்ர ரத்தத்தையும் பாக்கச் சொன்னவ. அவனை ஏன் போகவிடுறியளில்லை? பச்சையெண்டு தெரிஞ்சா உங்களுக்குத்தானே பெருமை? அனுப்புங்கோவன்!"

"அவனுக்கு ஒரு ஊசியும் குத்தத் தேவையில்லை."

"ஏன் தேவையில்லை? ராச வம்சமோ?"

"பெற்றிசியா, போ."

"போகமாட்டன். காரணம் சொல்லுங்கோ போறன்."

பிரகாசி வலையை இழுத்த இழுப்பில் கண்ணி அறுந்தது. "நீ குவைத்தில இருந்தனி. உனக்கு என்ன தெரியும்?" என்றாள். அதற்குப் பிறகு குரல் கீழே போய்விட்டது. "என்ர சின்னவனை நீ காணேல்லைத்தானே. மில்ரனுக்கு இளையவன். நீ காட்டின படத்தில வந்த பொடியன் மாதிரியேதான். அதே வெளிறின முகம். வயிறு மட்டும் ஊதி. வன்னியில ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்திக்கொண்டிருந்தனாங்கள். ஏத்தினா ஒரு மாதம் துள்ளித் திரிவான். பிறகு வாடிப்போவான். கடைசியில ஷெல்லடிக்க ஆஸ்பத்திரியும் இடம்பெயர்ந்து போச்சு. ரத்தம் இல்லையெண்டிட்டாங்கள். என்ர மடியிலதான்."

பெற்றிசியா வாசல் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க ஒரு டொக்டர் அப்பவே சொன்னவர். இது தாயிட்டப் பாதி, தகப்பனிட்டப் பாதியெண்டு. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. காய்ச்சலெண்டு சொல்லித்தான் மண்ணில தாட்டனான். இப்ப விளங்குதோ? உன்ர மகளில எனக்கென்ன கோவம்? தங்கமான பிள்ளை. ஆனா மில்ரனிட்டயும் இருந்தா? நான் பட்டதை அவளும் படோணுமோ?"

"இதை முந்தியே சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொன்னா? உள்ளுக்க என்ர பெட்டை ஒருத்தி கலியாணத்துக்கு நிக்கிறாள், தெரியுந்தானே. இந்த வீட்டு ரத்தம் இப்பிடியெண்டு தெரிஞ்சா ஆரடி அவளை எடுப்பான்?" பிரகாசி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "இனி நீ சொல்லுவாய். சொல்லு. உன்ர மகளுக்காக நீ சொல்லத்தான் வேணும். நானெண்டாலும் சொல்லுவன்."

பெற்றிசியா திரும்பி நடந்தாள். வழியில் பைப்படி. குடத்தோடு நின்ற அருளம்மா அவளைக் கண்டதும் மற்றவர்களுக்குக் கண்ணைக் காட்டினாள்.

"என்ன பெற்றி, சம்பந்தி வீட்டுப் படலையில என்ன லைற் எரிஞ்சது?"

கெக்கட்டமிட்டுச் சிரித்தார்கள். பெற்றிசியாவின் நாக்கு நுனியில் சொல் வந்து நின்றது. ஒரு வசனம் போதும். "சிவப்பு அவள்ர வீட்டிலயும்தான்" என்றால் சிரிப்பு முழுக்க அந்தப் பக்கம் திரும்பிவிடும். மகள் தலை நிமிர்ந்து நடப்பாள். உள்ளுக்குள் நிற்கிற அந்தப் பெட்டையின் தலை குனியும். அவளும் கிருஷிகாவின் வயதுதான். கோயிலில் பாடும்போது முன் வரிசையில் நிற்பவள்.

"தண்ணி வழியுது, குடத்தைப் பார்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டில் கிருஷிகா காத்திருந்தாள். "மாமி என்ன சொன்னவ?"

"அவவுக்குப் பயம்."

"என்ன பயம்?"

"பயமெண்டாப் பயம்தான். விடு."

"ஊரில ஒருத்தற்ற கதையும் விடாமச் சொல்லுவீங்கள். வெள்ளைக்காரன்ர கதைக்கும் வால் வைச்சுச் சொல்லுவீங்கள். எனக்கெண்டு வரேக்க மட்டும் வாயைக் கட்டிப்போட்டுதோ?" கிருஷிகா கதவென்று தொங்கிய சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தாள். சாப்பிடவில்லை. அடுத்த நாள் முன்பள்ளிக்கும் போகவில்லை. ஒரு தாய் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "ரீச்சர், பிள்ளையைத் தூக்கவேண்டாம்" என்று சொல்லிவிட்டாளாம். ஒட்டுகிற வருத்தம் இல்லை என்று யார் யாருக்கு விளங்கப்படுத்துவது?

பெற்றிசியா பிறந்ததிலிருந்து வாயை அடக்கிப் பழகாதவள். அந்தக் கிழமை முழுக்க அடக்கினாள். மகள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஞாயிறு வந்தது. ஜெனறேற்றரைப் போடவில்லை. வந்து நின்ற பிள்ளைகளை, "பெற்றோல் இல்லை" என்று பொய் சொல்லித் துரத்தினாள்.

அங்கே பிரகாசியும் நித்திரை இல்லாமல்தான் கிடந்தாள். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று கதை ஊரைச் சுற்றித் தன் வாசலுக்கு வருவதைப் பார்த்திருந்தாள். பைப்படியில் யாரும் அவளை ஒரு மாதிரிப் பார்க்கவில்லை. கோயிலில் பெட்டையை யாரும் விலக்கவில்லை. கதை வரவேயில்லை. வராமல் விட்டதுதான் அவளைத் தின்றது. கடைசியில் மகனைக் கூப்பிட்டு இருத்தி, எல்லாவற்றையும் தானே சொன்னாள்.

மில்ரன் சைக்கிளைப் பெற்றிசியாவின் முற்றத்தில் போட்டுவிட்டு வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"மாமி, அம்மா சொல்லிப்போட்டா. உங்களுக்குத் தெரியுமாம். ஒருத்தரிட்டயும் சொல்லேல்லையாம்."

சாக்கை விலக்கிக்கொண்டு கிருஷிகா வெளியே வந்தாள். தாயைப் பார்த்தாள். பெற்றிசியா அடுப்பை ஊதத் தொடங்கினாள், அடுப்பில் நெருப்பே இல்லை.

மில்ரன் மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தான். முடிவு சொல்லக் கூப்பிட்ட நாளில் பிள்ளைகளும் தாய்மாருமாய் நாலு பேரும் போனார்கள். டொக்டர் இளம் ஆள், அவசரப்படாமல் சொன்னார். மில்ரனிடமும் அந்தப் பாதி இருக்கிறது. இரண்டு பேரும் கட்டினால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அந்த வருத்தம் வர இடமிருக்கிறது. வராமலும் போகலாம். வந்தால் மாதம் மாதம் ரத்தம் ஏற்றவேண்டும், மருந்து விடக்கூடாது. அப்படி வளர்ந்து வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். "முடிவு உங்கட ரெண்டு பேரின்ர. எதெண்டாலும் என்னட்ட வாங்கோ," என்றார்.

வெளியே தேத்தண்ணிக் கடையில் நாலு பிளேன்ரீ ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் தொடவில்லை.

"நான் பயந்தது நடந்து போச்சு," என்றாள் பிரகாசி. "வேணாம் பிள்ளையள். ரெண்டு பேரும் வேற வேற இடத்தில நல்லா இருங்கோ. நான் கண்டனான், உங்களுக்கு அது தெரியாது."

"அம்மா, தம்பியை ரத்தமே கொன்றது?" என்றான் மில்ரன். "ரத்தம் ஏத்தின மாதமெல்லாம் அவன் என்னோட பந்தடிச்சவன். நீங்கள்தானே சொன்னீங்கள். பாதை மூடினது, ஆஸ்பத்திரி ஓடினது, அதுதான் அவனைக் கொன்றது. இப்ப பஸ் ஏறினா ஆஸ்பத்திரி."

"இனியும் பாதை மூடினா?"

கிருஷிகா கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பயம் இல்லையெண்டு சொல்ல மாட்டன் மாமி," என்றாள். "நல்லாப் பயமாயிருக்கு. ஆனா எனக்கு முன்கூட்டியே எல்லாம் தெரியும். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, தனியத் தூக்கிக்கொண்டு ஓடினனீங்கள். அப்பிடியொரு பிள்ளை வந்தா நாங்கள் நாலு பேர் இருக்கிறம் தூக்க. நீங்கள் என்னை வேண்டாமெண்டா நான் விடுறன். ரத்தம் வேண்டாமெண்டு சொன்னா விடமாட்டன்."

பிரகாசி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "பாதரிட்ட நானே போறன். நான் சொன்ன தடையை நான்தானே எடுக்கோணும்," என்றாள்.

பெற்றிசியா ஆறின பிளேன்ரீயை ஒரே மூச்சில் குடித்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சனம் நெரிந்தது. பிரகாசியும் பெற்றிசியாவும் ஒரே சீற்றில். சந்தைக்கு வந்திருந்த அருளம்மா கூடையோடு பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள். அவள் வாய் சும்மா கிடக்குமா?

"என்ன பிரகாசியக்கா, சிவப்பு வீட்டுக்காரியோட ஒட்டிக்கொண்டு? தொத்திக்கித்திப் போகப் போகுது!"

ஊர்ச்சனம் திரும்பிப் பார்த்தது. பெற்றிசியா வாயைத் திறக்கப் போனாள். பிரகாசி அவளுடைய தொடையில் கையை வைத்து அமத்தினாள்.

"அது தொத்துற வருத்தமில்லை அருளம்மா, பிறப்பில வாறது. தொத்துறதெண்டா நான் எப்பவோ ஊருக்குத் தந்திருப்பன்," என்றாள், பஸ்ஸுக்கே கேட்கத்தக்கதாக. "எங்கட வீட்டிலயும் இருக்கு. என்னட்ட இருக்கு, மில்ரனிட்ட இருக்கு. என்ர சின்னவன் செத்தது காய்ச்சலில இல்லை, ரத்தம் ஏத்த வழியில்லாமத்தான். வாற கிழமை என்ர மகளையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டப் போறன். கேக்கிறவை இப்பவே கேளுங்கோ, பிறகு பின்னால கதைக்க வேணாம்."

கொண்டக்டர்கூடக் காசு கேட்காமல் நின்றான். பெற்றிசியா சீற்றில் ஒதுங்கி, பிரகாசிக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டாள், அவ்வளவுதான்.

திருக்கேதீஸ்வரச் சந்தி கடந்து கொஞ்சத் தூரம் போயிருக்கும். அருளம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். அந்த வாயில் இப்படியொரு மெல்லிய குரல் இருக்கும் என்று பெற்றிசியா நினைத்ததேயில்லை.

"அக்கா… என்ர மூத்தவள்ர பொடியனும் வெளிறித்தான் கிடக்கிறான். சோறும் தின்னுறானில்லை, வயிறும் ஊதுது. சொல்லப் பயத்தில வீட்டுக்கையே வைச்சிருக்கிறம். அங்க எந்த டொக்டரிட்டக் காட்டோணும்?"

"நாளைக்கே வெளிக்கிடு," என்றாள் பிரகாசி. "நானும் வாறன்."